உங்கள் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது? கொழும்பில் தேடத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

அரிதான குடும்பப் பெயர் உள்ளவர்கள் முதலில் அகராதியைத்தான் திறப்பார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. தமிழரிடையே குடும்பப் பெயர் என்பது பெரும்பாலும் பிற்காலத்தில் வந்த வழக்கம். தகப்பன் பெயரை முன்னால் போட்டுத் தன் பெயரைப் பின்னால் எழுதுவதே நம் முறை. தலைமுறைக்குத் தலைமுறை அது மாறிக்கொண்டே போகும். எங்கோ ஒரு கட்டத்தில், ஒரு பள்ளிக்கூட இடாப்பிலோ ஞானஸ்நானப் புத்தகத்திலோ கடவுச்சீட்டு விண்ணப்பத்திலோ, மாறிக்கொண்டிருந்த பெயர் நின்றுவிடுகிறது. அதன் பிறகு பேரன், பூட்டன் எல்லோருக்கும் அதே பெயர். அது நின்ற இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. அங்கே நின்றது ஒரு மனிதரின் சொந்தப் பெயரா, பதவியா, ஊரா, ஞானஸ்நானப் பெயரா என்று தெரிந்த பிறகுதான் பொருளைப் பற்றிப் பேசலாம்.

கொழும்பு நன்கு அறிந்த ஒரு குடும்பத்தை வைத்து இதைப் பாருங்கள். 1830களில் சட்டநிரூபண சபையில் தமிழர் சார்பில் அமர்ந்தவர் வாசல் முதலியார் என்ற அரச பட்டம் பெற்ற ஆறுமுகம்பிள்ளை குமாரசுவாமி. இதில் ஆறுமுகம்பிள்ளை தகப்பன் பெயர், குமாரசுவாமி அவருடைய பெயர். அவர் மகன் முத்து குமாரசுவாமி. இங்கே குமாரசுவாமி தகப்பன் பெயர். முத்துவின் மகன் 1877இல் கொழும்பில் பிறந்த கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமி. பழைய முறைப்படி அவர் பெயரோடு முத்து என்பதுதான் சேர்ந்திருக்க வேண்டும். தாய் ஆங்கிலேயர், வளர்ந்தது இங்கிலாந்தில். பாட்டனாரின் பெயர் அங்கே குடும்பப் பெயராக நின்றுவிட்டது. அதே முதலியாரின் மகள் செல்லாச்சி வழிப் பேரன்மார் மூவர்: பொன்னம்பலம் குமாரசுவாமி, பொன்னம்பலம் இராமநாதன், பொன்னம்பலம் அருணாசலம். மூத்தவருக்குத் தாய்வழிப் பாட்டனாரின் பெயர். அவருக்குக் குமாரசுவாமி சொந்தப் பெயர், ஆனந்தருக்கோ அது குடும்பப் பெயர். ஒரே வேர், ஒரே எழுத்து, ஆனால் இரண்டும் செய்யும் வேலை வேறு. பேரன் என்ற சொல்லே பெயரன், அதாவது பாட்டன் பெயரைத் தாங்குகிறவன், என்பதிலிருந்து வந்தது. இந்த வழக்கத்தை மனத்தில் வைக்காமல் தேடினால் பாட்டனையும் பேரனையும் ஒரே ஆளாக எண்ணி ஐம்பது அறுபது ஆண்டுகளை விழுங்கிவிடுவீர்கள்.

முதல் வேலை: பெயரைத் தமிழில் எழுதுங்கள்

வெளிநாட்டிலிருந்து வந்து தேடுகிறவர்களிடம் பெரும்பாலும் ஆங்கில எழுத்து மட்டுமே இருக்கும். அதைத் தமிழுக்குத் திருப்புவதில்தான் முதல் சறுக்கல். ஆங்கிலத்து எல் என்ற ஒரே எழுத்து ல, ள, ழ மூன்றுக்கும் நிற்கிறது. என் என்பது ந, ன, ண மூன்றுக்கும், ஆர் என்பது ர, ற இரண்டுக்கும். டி-எச் என்று இருந்தால் த என்று கொள்ளலாம். ஆனால் பழைய இலங்கை எழுத்துமுறையில் டி மட்டும் போட்டே த-வையும் எழுதினார்கள், ட-வையும் எழுதினார்கள். தம்பி என்பதைப் பெரும்பாலும் எச் இல்லாமல்தான் எழுதினார்கள். ஓ எழுத்தை இரண்டு முறை போட்டிருந்தால் அது நெடில் ஊ என்று நினைக்க வேண்டாம். குமாரசுவாமியின் குறில் கு-வுக்கும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள்.

ஒரு கொப்பியில் உங்கள் பெயருக்கு வரக்கூடிய எல்லாத் தமிழ் வடிவங்களையும் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் வரக்கூடிய ஆங்கில எழுத்துக்கூட்டல்களை எழுதுங்கள். சின்னத்தம்பி என்ற எளிய பெயருக்கே எஸ்ஸில் தொடங்குவது, சி-எச்சில் தொடங்குவது, நடுவில் ஏ வருவது, ஈ வருவது, ஈற்றில் ஐ அல்லது வை என்று எட்டுப் பத்து வடிவங்கள் கிடைக்கும். கந்தையா கே-யிலும் இருப்பார், சி-யிலும் இருப்பார். பழைய அட்டவணைகள் அகரவரிசையில் இருப்பதால் தவறான முதலெழுத்தில் தேடினால் அரை நாள் வீண். அத்துடன் "பெயர் இல்லை" என்ற பொய்யான முடிவோடு வீட்டுக்கும் போவீர்கள்.

சிங்களப் பதிவுகளையும் மறக்க வேண்டாம். கொழும்பில் பிறந்த தமிழர் பலருடைய பதிவு சிங்களத்திலேயே இருக்கிறது. சிங்களத்தில் ழ இல்லை. செட்டி என்பது சிங்களத்தில் ஹெட்டி ஆகும். ஹெட்டிகே, ஹெட்டிஆராச்சி போன்ற பெயர்களில் உள்ள ஹெட்டி அதுதான்.

இரண்டாவது: வீட்டில் இருப்பதைத் திரட்டுங்கள்

அலுவலகப் படி ஏறுவதற்கு முன் இரண்டு வாரமாவது இதற்குக் கொடுங்கள். பிறப்பு, விவாகம், இறப்புச் சான்றிதழ்கள், பாடசாலை விடுகைப் பத்திரம், பழைய கடவுச்சீட்டு, சாதகக் குறிப்பு, கல்யாண அழைப்பிதழ், காணி உறுதி என எல்லாவற்றையும் பாருங்கள். இவற்றில் இரண்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று, கல்வெட்டு. இறந்தவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிட்டுக் கொடுக்கும் நினைவு மலரைத்தான் நம்மவர்கள் கல்வெட்டு என்கிறார்கள். முன்பக்கத்தில் படமும் திதி வெண்பாவும், நடுவில் தேவாரமும் இருக்கும். பின்பக்கங்களை மெதுவாகப் புரட்டுங்கள். பல கல்வெட்டுகளில் வம்சாவளி என்று ஒரு மரம் வரைந்திருப்பார்கள், நான்கைந்து தலைமுறை வரை. அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் வீட்டின் மூத்தவர்கள் கூடியிருந்து சரிபார்த்த மரம் அது. எந்த அரச ஆவணத்திலும் இல்லாத வீட்டுப் பெயர்கள் அதில் அடைப்புக்குறிக்குள் இருக்கும். உங்கள் வீட்டில் இல்லையென்றால் ஒன்றுவிட்ட சகோதரர் வீட்டில், சாமியறை அலுமாரியில் இருக்கும். நூலகம் என்ற இணைய நூலகத்திலும் நிறைய நினைவு மலர்களைப் படியெடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஊர்ப் பெயரை வைத்துத் தேடுங்கள்.

வீரகேசரி, தினகரன் மரண அறிவித்தல்களும் இதே வகைதான். "இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் கொழும்பை வதிவிடமாகவும் கொண்ட" என்ற முதல் வரியில் மூல ஊர். "காலஞ்சென்ற இன்னார் தம்பதியினரின் சிரேஷ்ட புத்திரன்" என்பதில் மேல் தலைமுறை. "இன்னாரின் பாசமிகு மருமகன்" என்பதில் பெண்வழி. ஒரே அறிவித்தலில் பத்துப் பன்னிரண்டு பெயர்களும் அவற்றுக்கிடையேயான உறவும் கிடைக்கும். பழைய இதழ்கள் தேசிய சுவடிகள் காப்பகத்தில் இருக்கின்றன.

இரண்டாவது, காணி உறுதி. வடக்கிலிருந்து வந்த குடும்பமானால் தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டம், தரும் சொற்கள் உங்களுக்கு வழிகாட்டும். முதுசம் என்றிருந்தால் பரம்பரையாக வந்த சொத்து. சீதனம் என்றிருந்தால் பெண்ணுக்குக் கொடுத்தது, அதைத் தொடர்ந்தால் தாய்வழி கிடைக்கும். தேடியதேட்டம் என்றால் விவாக காலத்தில் சம்பாதித்தது, அதில் முன்னோர் செய்தி குறைவு. பலர் உறுதியின் முதல் பந்தியோடு நிறுத்திவிடுகிறார்கள். எல்லைகளைப் படியுங்கள். கிழக்கே இன்னார் காணி, வடக்கே இன்னார் காணி என்று நான்கு பக்கமும் பெயர்கள் இருக்கும். ஒரு பெரிய வளவைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால் அந்த அயலவர்கள் சகோதரர்களாகவோ மைத்துனர்களாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். காணிக்கே ஒரு பெயர் இருக்கும். சில குடும்பப் பெயர்களின் வேர் அந்தக் காணிப் பெயரில்தான் கிடக்கிறது.

பெரியவர்களிடம் கேட்கும்போது "எங்கள் பெயருக்கு என்ன அர்த்தம்?" என்று தொடங்காதீர்கள். அப்படிக் கேட்டால் அழகான விளக்கம் ஒன்று உடனே வரும், அது யாரோ பின்னால் கட்டியது. "அப்பப்பாவை ஊரில் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? கடிதம் வந்தால் உறையில் என்ன பெயர்? கோயிலில் எந்தத் திருவிழா எங்கள் உபயம்?" என்று கேளுங்கள். பதிவுப் பெயர், வீட்டுப் பெயர், ஊரார் வைத்த பட்டப்பெயர் மூன்றையும் தனித்தனி நிரலில் எழுதுங்கள். சொன்னவர் யார், அவருக்கு என்ன வயது, எந்தத் தேதியில் சொன்னார் என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். மலாயாவுக்கு உத்தியோகம் போன சகோதரர் ஒருவர் எந்தக் குடும்பத்திலும் இருப்பார். அவருடைய பிள்ளைகள் அதே பெயரை வேறு எழுத்துக்கூட்டலில் வைத்திருப்பார்கள். அதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: பதிவாளர் ஏடுகள்

பிறப்புச் சான்றிதழை வேலைக்கும் பாடசாலைக்கும் கொடுக்கும் தாளாக மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். நீளப் படிவத்தில் தகப்பனின் முழுப் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், இனம், தாயின் விபரங்கள், அவற்றுக்குக் கீழே பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவரது முழுப் பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கூடு இருக்கிறது. தகப்பன் இலங்கையில் பிறக்காதவராக இருந்தால் பூட்டனாரைப் பற்றிய கூடும் உண்டு. ஆக ஒரு தாளில் மூன்று தலைமுறை. அந்த மூன்று பெயர்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். மூன்றிலும் மாறாமல் வரும் சொல் எது? அப்படி ஒன்று இல்லையென்றால் பெயர் நின்ற இடம் உங்களுக்கு மிக அருகில், அநேகமாக உங்கள் தகப்பன் காலத்தில்தான் இருக்கிறது. அரிய குடும்பப் பெயர் என்று நினைத்தது பாட்டனாரின் சொந்தப் பெயராகவே இருக்கும். அதில் ஏமாற்றம் வேண்டாம். தேடலின் இழை அவருக்குப் பெயர் வைத்த நாளிலிருந்து மேலே போகிறது.

பிரதி கேட்பதற்கான விண்ணப்பம் பீ 63 படிவம். பிறப்பு நடந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் கொடுக்கலாம். பதிவேட்டின் இரண்டாம் பிரதிகள் கொழும்பு மாளிகாவத்தையில் உள்ள மத்திய ஆவணக் காப்பகத்துக்கு வருகின்றன. ஊரில் உள்ள ஏடு அழிந்திருந்தால், குறிப்பாக வடக்கு கிழக்கில், மாளிகாவத்தைப் பிரதியைக் கேளுங்கள். ஊர் அலுவலகத்தில் "இல்லை" என்று சொன்னதோடு கைவிட்டவர்கள் ஏராளம்.

பதிவு இலக்கமும் திகதியும் கையில் இருந்தால் வேலை சுருக்கம். இல்லையென்றால் தேடச் சொல்லிக் கேட்க வேண்டும். அப்போது பிழைப்பது பெரும்பாலும் இடத்தில். ஏடுகள் பதிவாளர் பிரிவு வாரியாக இருக்கின்றன, குடும்பம் வாழ்ந்த வீட்டு வாரியாக இல்லை. 1879இல் தொடங்கிய டி சொய்சா மகப்பேற்று மனையில் பிறந்தால் வீடு வெள்ளவத்தையாக இருந்தாலும் பதிவு அந்த மருத்துவமனை உள்ள பிரிவில். தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு போகும் வழக்கத்தால் மூத்த பிள்ளையின் பதிவு தாயின் ஊரில் இருக்கும், அடுத்த பிள்ளைகளின் பதிவு கொழும்பில் இருக்கும். மூத்தவருடையது கிடைக்காவிட்டால் தாயின் ஊரைக் கேளுங்கள்.

இன்னொரு சிக்கல்: பழைய பதிவுகளில் குழந்தையின் பெயர்க் கூடு வெறுமையாக இருப்பதுண்டு. பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவார்கள், பெயர் பிறகு சேரும், அல்லது சேராமலே போகும். ஆகவே குழந்தையின் பெயரைச் சொல்லித் தேடச் சொல்லாமல் தகப்பன் பெயர், தாய் பெயர், திகதி என்று கொடுங்கள்.

இனம் என்ற கூட்டையும் பாருங்கள். இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், கொழும்புச் செட்டி, சோனகர் என்பது அடுத்து எங்கே போக வேண்டும் என்பதைக் காட்டும். ஆனால் அது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 2001 குடிசன மதிப்பில் கொழும்புச் செட்டிகள் தனிப் பிரிவாகக் கணக்கிடப்பட்டார்கள். அதற்கு முன் அதே குடும்பத்தார் தமிழர் என்று பதிந்த தாள்கள் இருக்கும். இரண்டையும் கண்டு குழம்ப வேண்டாம்.

நான்காவது: எந்த வாசலில் தட்டுவது

கொழும்பில் வட பகுதியிலேயே பாதி வேலை முடியும். கத்தோலிக்கக் குடும்பமானால் பங்குத் தேவாலயத்தின் ஞானஸ்நானப் புத்தகம்: கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, புறக்கோட்டைப் பங்குகள். புரட்டஸ்தாந்தக் கொழும்புச் செட்டிக் குடும்பங்களுக்கு ஜிந்துப்பிட்டி புனித தோமையார் ஆலயம். டச்சுக் காலத்துக்குப் போக வேண்டுமானால் 1757இல் திறந்த வுல்பெண்டால் தேவாலயத்தின் ஏடுகள். டச்சுச் சீர்திருத்தச் சபையின் கொழும்புப் பதிவுகள் பல ஃபமிலிசேர்ச் இணையத்தளத்தில் படங்களாகவே இருக்கின்றன, கட்டணம் இல்லை. முதலில் அங்கே பாருங்கள், பழைய ஏட்டைக் கையால் புரட்டுவது ஏட்டுக்கும் நல்லதல்ல. ஞானஸ்நானப் பதிவில் ஞானத்தாய் தந்தையரின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். சில குடும்பப் பெயர்கள் அவர்களிடமிருந்தே வந்தவை. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது பர்னாந்து, மிராந்தா, வாஸ் போன்ற போர்த்துக்கேயப் பெயர்கள் வந்து ஒட்டிக்கொண்டது போல.

செட்டியார் தெருவில் கடை வைத்திருந்த நகரத்தார் குடும்பமானால் விலாசத்தைப் பிடியுங்கள். மு என்றால் மூனா, சு என்றால் சூனா, லெ என்றால் லேனா என்று முன்னோரின் முதலெழுத்துகளைக் கோத்ததே கடை விலாசம். பழைய கணக்குப் பேரேட்டிலோ கோயில் உபயக் கல்லிலோ அந்த விலாசம் கிடைத்தால் இரண்டு மூன்று தலைமுறையின் முதலெழுத்து கையில் வந்துவிடும். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோவில் முதலான ஒன்பது நகரக் கோயில்களில் தங்களுடையது எது என்பது குடும்பத்துக்குத் தெரிந்திருக்கும். கல்யாணம் பதிவது அங்கேதான்.

மலையகத்திலிருந்து கொழும்புக்கு வந்த குடும்பங்களுக்கு 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின்படி கொடுத்த பிரஜாவுரிமை விண்ணப்பமும், அதோடு இணைத்த தாள்களும் பெரிய புதையல். தோட்டத்தின் பெயர், இந்தியாவில் மூல ஊர், தாலுகா எல்லாம் அதில் இருக்கும். தோட்டப் பேரேட்டில் கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி எழுதிய பெயர் இருக்கும். வீட்டில் வழங்கும் பெயரோடு அது பொருந்தாது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பிறகு கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் காப்பகம். அடையாள அட்டை, பென்சில், கொப்பி, நீங்கள் எழுதிய எழுத்துக்கூட்டல் பட்டியல் ஆகியவற்றோடு காலையிலேயே போங்கள். கேட்ட கட்டுகள் மேசைக்கு வர நேரம் எடுக்கும். "எங்கள் குடும்பத்தைப் பற்றி என்ன இருக்கிறது?" என்று கேட்டால் யாராலும் உதவ முடியாது. ஊர், ஆண்டு, ஆவண வகை மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். 1802 முதல் வந்த அரசாங்க வர்த்தமானி, பழைய பத்திரிகைகள், டச்சுத் தோம்புகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. தோம்பு என்பது டச்சுக்காரர் எழுதிய குடிமக்கள், காணி இடாப்பு. தலைத்தோம்பில் வீட்டாட்களின் பெயர், காணித்தோம்பில் நிலம், பாடசாலைத் தோம்பில் ஞானஸ்நானமும் விவாகமும் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. டச்சு ஆட்சியில் உத்தியோகம், விவாகப் பதிவு, வாரிசுரிமை எல்லாவற்றுக்கும் அவர்களுடைய சபையில் ஞானஸ்நானம் பெறுவது அனுகூலமாக இருந்தது. சைவரும் கத்தோலிக்கரும் பௌத்தரும் பெயருக்குப் பெற்றுக்கொண்டார்கள். ஆகவே தோம்பில் ஐரோப்பியப் பெயர் இருப்பதால் மட்டும் முன்னோர் ஐரோப்பியர் என்று ஆகாது. டொன் என்ற முன்னொட்டும் அப்படியே.

ஐந்தாவது: எழுதியவன் காதால் கேளுங்கள்

பழைய ஏட்டில் உள்ள எழுத்தை ஆங்கிலமாக வாசித்தால் பொருள் கெட்டுவிடும். டச்சில் ஓ, ஈ இரண்டும் சேர்ந்தால் உ அல்லது ஊ. முத்து என்ற பெயரில் அந்தச் சேர்க்கை இரண்டு முறை வரும். ஆங்கிலமாக வாசிப்பவர் அதை "மோயிட்டோ" என்பார். டச்சில் ஜே என்ற எழுத்து ய, ஏ இரண்டு முறை வந்தால் நெடில் ஆ, டி-ஜே சேர்ந்தால் ஏறத்தாழ நம் ச். இதைத் தெரிந்துகொண்டு, 1943இல் கொழும்பில் பிறந்த நாவலாசிரியர் மைக்கேல் ஒண்டாட்ஜியின் குடும்பப் பெயரைப் பாருங்கள். இன்று எல்லோரும் ஆங்கிலமாக வாசிக்கிறார்கள். டச்சு எழுத்துமுறையில் அதை வாசித்தால் ஒண்டாச்சி என்ற தமிழ் ஓசை கேட்கும். பிள்ளை என்ற சொல் கொழும்புச் செட்டிப் பெயர்களில் யூ எழுத்தோடு புள்ளே என்று நிற்பதும் அந்தக் காலத்துக் கை. டச்சு யூ நம் உ அல்ல, உதட்டைக் குவித்துச் சொல்லும் இ.

போர்த்துக்கேயத்தில் எக்ஸ் எழுத்து ஷ அல்லது ச. சொல்லின் ஈற்றில் வரும் எம் பெரும்பாலும் மூக்கொலி மட்டும்.

ஆறாவது: இப்போது பொருள்

பெயரை உறுப்புகளாகப் பிரியுங்கள். பிள்ளை, தம்பி, அப்பு, ஐயா, நாதர் போன்ற ஈறுகளைத் தள்ளிவைத்துவிட்டு மிஞ்சுவதைப் பாருங்கள். அது தெய்வப் பெயரா, பதவியா, தொழிலா, ஊரா, புனிதர் பெயரா?

கத்தோலிக்கப் பெயர்களில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் அவை தமிழாகவே ஒலிக்கின்றன. சவிரிமுத்துவில் சவேரியார் இருக்கிறார். சூசைப்பிள்ளையில் யோசேப்பு, சந்தியாகுவில் யாக்கோபு, இன்னாசித்தம்பியில் இக்னேசியார். இராயப்பு பேதுரு, அருளப்பு யோவான். வஸ்தியாம்பிள்ளையை வைத்து ஒரு முறை பிரித்துப் பார்ப்போம். பிள்ளையை நீக்கினால் வஸ்தியாம். தமிழில் வ, ஆங்கிலத்தில் எழுதும்போது பீ என்ற எழுத்து. அந்த இரண்டும் முரணாகத் தெரிந்தால் அதுவே துப்பு: மூலம் அந்நிய மொழி. செபஸ்தியாருக்குப் போர்த்துக்கேய மக்கள் வழக்கில் முதலசை குன்றிய வடிவம் பஸ்தியாவ், ஈற்றில் மூக்கொலி. அந்த மூக்கொலிதான் தமிழில் ம் ஆனது. வஸ்து என்றோ வஸ்திரம் என்றோ அகராதியில் தேடியிருந்தால் வாழ்நாள் முழுதும் தேடலாம்.

சின்னப்பு இன்னும் நுட்பம். கத்தோலிக்க வீட்டில் அது சின்னப்பர், அதாவது பவுல் அப்போஸ்தலர். சைவ வீட்டில் அதே சொல் சின்ன அப்பு. அந்தத் தலைமுறை எந்தச் சமயத்தில் இருந்தது என்று ஆவணத்தில் காணாமல் இதைத் தீர்க்க முடியாது. எழுத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் விடை அதில் இல்லை.

பதவிப் பெயர்கள் கரைக்குக் கரை மாறும். முதலியார் தமிழ்நாட்டில் சமூகப் பட்டம், இலங்கையில் அரசு கொடுத்த பதவி. கணக்கப்பிள்ளை ஊரில் கணக்கெழுதியவர், தோட்டத்தில் வேலை மேற்பார்த்தவர். உடையார், விதானையார், மணியகாரர் எல்லாம் உத்தியோகங்கள். சிறாப்பர் என்றால் வங்கியிலோ கச்சேரி எனப்படும் அரச அலுவலகத்திலோ காசாளர். இப்படி ஒன்று கிடைத்தால் வர்த்தமானி நியமனங்களிலும் பெர்குசன் டைரக்டரி என்ற பழைய இலங்கை விபரக்கொத்திலும் அந்த ஊர், அந்தப் பதவி என்று தேடலாம், ஆளே கிடைக்க வாய்ப்புண்டு. மரைக்கார் என்ற பெயரை மரக்கலத்தோடு சேர்ப்போரும் உண்டு, அரபுச் சொல்லோடு சேர்ப்போரும் உண்டு. அந்த மாதிரி இடத்தில் இரண்டையும் எழுதி வையுங்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

இப்போது அகராதி. மிரன் வின்சுலோவின் 1862ஆம் ஆண்டு அகராதியும், 1924 முதல் வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும் இணையத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கின்றன. வின்சுலோ அகராதிக்கான வேலை யாழ்ப்பாணத்தில் தொடங்கியது. ஆகவே ஈழத்து வழக்குக்கு முதலில் அதைப் பாருங்கள். அச்சு நூல்களுக்கு வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது.

கிடைத்த பொருளை ஏற்குமுன் சில கேள்விகள். அந்தச் சொல் பெயர் நின்ற காலத்தில் வழக்கில் இருந்ததா? அந்தத் தலைமுறையின் ஊர், தொழில், சமயம் மூன்றோடும் ஒத்துப்போகிறதா? எழுத்தை வளைக்காமல் ஒலி பொருந்துகிறதா, ள-வை ழ ஆக்கினால்தான் பொருந்துமானால் அப்படி மாறிய தாள் ஒன்றைக் காட்ட முடியுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர் சைமன் காசிச்செட்டியின் பெயரை ஆங்கில எழுத்தில் மட்டும் பார்ப்பவருக்கு முன்பாதி காசியா, காசா என்று ஐயம் வரும். தமிழில் எழுதிய ஒரு வரி அந்த ஐயத்தை நீக்கிவிடுகிறது. இதனால்தான் முன்னோர் தமிழில் இட்ட ஒரு கையெழுத்து ஆயிரம் ஆங்கிலத் தாளுக்குச் சமம். விவாகப் பதிவிலும் நொத்தாரிசின் உறுதியிலும் அந்தக் கையெழுத்தைத் தேடுங்கள்.

அரசவையில் மந்திரி, சோழன் படையில் தளபதி என்று கேட்டவுடன் இனிக்கும் விளக்கம் வந்தால் இரண்டு மடங்கு சான்று கேளுங்கள். அதே பெயர் உள்ள இன்னொரு குடும்பத்தைக் கண்டால் உடனே உறவு கொண்டாடவும் வேண்டாம். ஒரே புனிதரின் பெயரும் ஒரே பதவிப் பெயரும் நூறு வீட்டில் தனித்தனியாக நின்றிருக்கும். ஊரும் காணியும் பொருந்தினால் மட்டும் அடுத்த படி எடுங்கள்.

எழுதி வைப்பது

ஒரு தலைமுறைக்கு ஒரு தாள் போதும். மேலே பெயர், ஆவணத்தில் உள்ள எழுத்துக்கூட்டலை ஓர் எழுத்தும் திருத்தாமல். அதன் கீழ் இன்றைய தமிழ் எழுத்து. பிறகு எந்த ஆவணம், எந்த அலுவலகம், பதிவு இலக்கம், நீங்கள் பார்த்த திகதி. ஊகத்தைப் பென்சிலால் எழுதுங்கள், கண்ணால் கண்டதைப் பேனையால். தாளைப் படமெடுக்கும்போது பெயருள்ள வரியை மட்டும் எடுக்காமல் முழுப் பக்கத்தையும் எடுங்கள். பக்கத்து வரியில் இருப்பவர் சாட்சியாகவோ மைத்துனராகவோ பின்னால் தேவைப்படுவார். ஒரு பிரதியை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்துவிடுங்கள். குடும்பத்தில் அடுத்த கல்வெட்டு அச்சாகும் நாளில், வம்சாவளிப் பக்கத்தில் சேர்க்க அந்தத் தாள்கள் தயாராக இருக்கட்டும்.